வெயில் தாழட்டும்

1978 பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி ஆச்சி தூங்கவில்லை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. கருப்பட்டியும் வத்தல் மிளகாயும் புளியும் கலந்த வாசனை கீழேயிருந்து படியேறி வந்து பாய், தலையணையிலெல்லாம் தங்கியிருக்கும். அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து ஆச்சி, தாத்தாவின் பழைய வேட்டிகளை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "கால்ல சுத்த" என்றாள். எனக்குப் பத்து வயது. சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம் என்றால் புதுப்பாவாடை, கார்ப் பயணம், நாகர்கோவிலில் காப்பி என்றுதான் நினைத்திருந்தேன். காலில் துணி சுற்றிக்கொண்டு போகிற கோயில் எது என்று விளங்கவில்லை.

எங்கள் குலதெய்வம் கற்குவேல் அய்யனார். திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழியை அடுத்த தேரிக்குடியிருப்பில் இருக்கிறார். தென்பாண்டிச் சீமைக்காரர்கள் பிழைக்கப் போன ஊர் எதுவானாலும் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தாவைத் தேடி வந்துவிட வேண்டும். சிலருக்குச் சாஸ்தா குளத்தங்கரையில் இருப்பார், சிலருக்கு வயற்காட்டில், சிலருக்கு மலையடிவாரத்தில். எங்களுக்குத் தேரியில். தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணற்காடு. குதிரைமொழித் தேரி மட்டும் பன்னிரண்டாயிரம் ஏக்கர் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மணல் மேடும் பள்ளமுமாக, அலை எழும்பி அப்படியே நின்றுபோன கடல் மாதிரி கிடக்கும்.

திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மண் என்றால் ஈரம். சுவரில் பாசி, கிணற்றுக்குள் பெரணி, இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் காயவே காயாத துணி. ஆண்டுக்குச் சுமார் 1800 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. திருச்செந்தூர்ப் பக்கம் அதில் பாதிகூடக் கிடையாது. இரண்டுக்கும் இடையில் இருப்பது 150 கிலோமீட்டர் சாலையும் ஒரு மலை இடைவெளியும்தான்.

தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் அம்பாசிடர் காரை இரண்டு நாளைக்குக் கொடுத்திருந்தார். அதில் பதினோரு பேர். பின்சீட்டில் பெண்கள், மடியில் பிள்ளைகள், முன்சீட்டில் டிரைவர் அண்ணனோடு அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும். டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், இரண்டு மண்கூஜா தண்ணீர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1979 ஏப்ரலில்தான். அதனால் எங்களுக்குச் சாலை ஒன்றே வழி.

விடியற்காலம் கரமனைப் பாலம் தாண்டினோம். பாலராமபுரத்தில் தறிச்சத்தம் கேட்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைச் சோதனைச் சாவடி, குழித்துறை, தக்கலை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. ரப்பரும் வாழையும் தென்னையும் சாலையின் இரண்டு பக்கமும் மூடியிருந்தன. தோவாளையில் பூ வாங்க நிறுத்தினோம். சாலைக் கடைத்தெருவுக்கு வருகிற பூவெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது என்று அப்பா சொன்னபோது, வீட்டுக்குத் தினமும் வருகிறவரின் சொந்த ஊரைப் பார்த்த சந்தோஷம் வந்தது.

ஆரல்வாய்மொழி வந்ததும் காரில் பேச்சு நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் விட்டுக்கொடுத்து வழிவிடுகிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம் முள்ளும் பனையும் பொட்டலும். இவ்வளவு சட்டென்று ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குவதை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. ஆச்சி கல்யாணமாகி வந்த காலத்தில் அது நிஜமாகவே நாட்டெல்லை. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. சவுக்கையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்து, எல்லை களியக்காவிளைக்குப் போய்விட்டது. ஆச்சிக்கு மட்டும் கடைசிவரை எல்லை என்றால் ஆரல்வாய்மொழிதான். கார் கணவாயைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முகத்தை வெளியே நீட்டி, மூச்சை இழுத்தாள்.

"ஆனி ஆடியில வரணும்ட்டி. இந்த வழியாத்தான் காத்து வரும். மழையை எல்லாம் உங்க ஊர்ல இறக்கி வச்சிட்டு, வெறுங்கையோட வரும்" என்றாள். ஐம்பது வருடம் சாலைக் கம்போளத்தில் குடியிருந்தவளுக்குத் திருவனந்தபுரம் அப்போதும் "உங்க ஊர்"தான்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தக் கணவாய் வழியாக உலர்ந்த காற்றாகச் சீறிக்கொண்டு கிழக்கே போகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு போய்க் கடலோரத்தில் குவித்தது அந்தக் காற்றுதான் என்று ஒரு விளக்கம். பனியுகத்தில் கடல் பின்வாங்கியபோது வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று உள்ளே தள்ளியது என்று இன்னொன்று. எப்படி வந்ததானாலும், மணல் பெரும்பாலும் வெறும் பளிங்குத் துகள். அதன்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. மணல் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்து வயலையும் கிணற்றையும் மூடிய கதைகள் ஆச்சியிடம் நிறைய இருந்தன. அதை நிறுத்தத்தான் பிற்காலத்தில் வனத்துறை முந்திரியும் உடை மரமும் நட்டது.

காவல்கிணறு, ராதாபுரம், திசையன்விளை. ரேடியேட்டர் இரண்டு இடத்தில் கொதித்தது. அடுத்த கிணறு வரைக்கும் போகப் போதுமான தண்ணீர் இருக்கிறதா என்று பெரியப்பா கூஜாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சாத்தான்குளம் கடந்து, தார் போட்ட சாலை முடிந்து, வண்டித்தடம் தொடங்கிய இடத்தில் அம்பாசிடரின் பின்சக்கரம் மணலில் புதைந்தது. டிரைவர் அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. எங்கிருந்தோ நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் இடுப்பில் பாளை அரிவாள் இருந்தது. பனையிலிருந்து இறங்கி அப்படியே வந்திருக்க வேண்டும். காய்ந்த பனையோலையைச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பி, ஒரு குரல் கொடுத்துத் தள்ளினார்கள். கார் வெளியே வந்தது. அப்பா ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினார். "சாமிக்கு வந்திருக்கிய, வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாவின் முகத்தில் அன்று பார்த்த வெட்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொந்த மண்ணில் வழிதெரியாமல் நின்றவனின் வெட்கம் அது.

அதற்கு மேல் கார் போகாது. நடக்க வேண்டும். மணி பதினொன்று. ஆச்சி பின்சீட்டிலிருந்து வேட்டித் துணியை எடுத்து, கூஜா நீரில் நனைத்து, ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் சுற்றினாள். என் முறை வந்தபோது நான் மாட்டேன் என்றேன். புதுக் கொலுசு தெரியாதே என்கிற கவலை எனக்கு. அவள் வற்புறுத்தவில்லை.

பத்தடி போயிருப்பேன். உள்ளங்காலில் அடுப்புக்கட்டி ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அலறிக்கொண்டு நின்றேன். நின்றதுதான் தப்பு. "நிக்காதட்டி, ஓடு! அந்த உடை மரத்தைப் பாத்து ஓடு!" என்று பின்னாலிருந்து ஆச்சி கத்தினாள். பக்கத்திலேயே ஒரு பனை நின்றது. நான் அதை நோக்கித் திரும்பினேன். "பனைக்குப் போகாத, உடைக்குப் போ!" ஓடினேன். குடை விரித்த மாதிரி நின்ற உடை மரத்தின் அடியில் போய் விழுந்தேன்.

ஆச்சி மெதுவாக வந்து சேர்ந்தாள். திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டினாள். மேல் மணல் பொலபொலவென்று சரிந்தது. ஒரு சாண் ஆழத்தில் நிறம் மாறியது. முழங்கை ஆழத்தில் மணல் கருஞ்சிவப்பாகக் கைக்கு ஒட்டியது. "காலை உள்ள வை" என்றாள். வைத்தேன். கிணற்றடியில் கால் வைத்த மாதிரி குளிர்ந்தது.

"ஏன் ஆச்சி பனைக்குப் போகாதேன்னு சொன்னே?"

"பனை நிழல் ஒரு முழந்தான். அதும் நகந்துக்கிட்டே இருக்கும். நீயும் கூடவே நகரணும். உடை அப்படி இல்ல. முள்ளு இருக்கும், ஆனா உக்கார விடும்."

அந்த மரத்தடியில் அவள் எனக்குக் காட்டியதை எல்லாம் எழுதினால் ஒரு நோட்டு வேண்டும். மணலில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள். அதில் ஒரு துரும்பை விட்டு ஆட்டினால் அடியிலிருந்து குழியானை எழும்பி வரும். எறும்பு வரிசை போகிற திசையைப் பார்த்து ஈரம் எங்கே என்று சொன்னாள். கொல்லாமரம் என்கிற முந்திரி மரத்துக் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டி, ஆடிக்காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்றாள். ஒரு மணல்மேட்டை மழைத் தண்ணீர் அறுத்து ஓடையாக்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கும் மேலே செங்குத்தான செம்மண் சுவர். அதில் வெயில் பட்டு, பழுத்த மிளகாயின் நிறம். அந்தச் சுவரின் அடிப்பக்கத்தில் ஒரு கை வைத்து, "இங்க பாரு, வேர்வை" என்றாள். லேசாகக் கசிந்திருந்தது. ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை பங்குனியிலும் அங்கே இருந்தது.

"இதைப் போய்ப் பாலைவனம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காவளா? இது பானைட்டி. வானம் ஊத்துறதை ஒரு சொட்டு ஓடவிடாம வாங்கி வச்சிக்கிடும். ஓரத்துல கேக்குறவனுக்குக் கொஞ்சங் கொஞ்சமாத் தரும்."

அவள் சொன்ன ஓரம் எது என்பதைச் சாயங்காலம் பார்த்தேன். தேரியின் இன்னொரு பக்கம், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒரு சுனை. குனிந்து அள்ளிக் குடித்தேன். கரமனை ஆற்றுத் தண்ணீரைவிட இனிப்பு. அந்தச் சாமிக்குச் சுனையைக் காப்பதே பெயராக இருப்பது எனக்கு இப்போதும் வியப்புத்தான். செல்வத்தையோ கோட்டையையோ காத்ததாகச் சொல்லவில்லை. தண்ணீரைக் காத்தவர் என்று பெயர் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

மரத்தடியிலேயே இருக்கும்போது எனக்கு ஒரு பயம் வந்தது. கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. கார் பின்னால் இருந்தது. நடுவில் மணல் தகதகவென்று கிடந்தது. "இனி எப்படிப் போறது ஆச்சி?" என்று அழுதேன்.

"வெயில் தாழட்டும்" என்றாள். அவ்வளவுதான். முந்தியிலிருந்து ஒரு துண்டு புட்டுக்கருப்பட்டியை எடுத்து என் வாயில் போட்டாள்.

வெயில் தாழ்ந்தது. போனோம். பொங்கலிட்டோம். ஆச்சி கோயில் பக்கத்து மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தியில் முடிந்துகொண்டாள். கார்த்திகை முடிவில் நடக்கிற கள்ளர் வெட்டுத் திருவிழாவில் இளநீரை வெட்டி, அந்த நீர் விழுந்த மண்ணை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். கடைக்காரர்கள் அதைக் கல்லாப்பெட்டியில் வைத்திருப்பார்கள். எங்கள் கல்லாவிலும் ஒரு பித்தளைச் சம்புடத்தில் அந்தச் செம்மண் இருந்தது. பக்கத்துக் கடைப் பையன்கள் அதைக் குங்குமம் என்று நினைத்து நெற்றியில் வைத்துக்கொள்வதுண்டு.

அதுவே ஆச்சியின் கடைசிப் பயணம். மறு வருடம் ஆடியில் போய்விட்டாள்.

பிறகு நாங்கள் தேரிக்குப் போகவில்லை. சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன: படிப்பு, கல்யாணம், வேலை, கடை கைமாறியது. திருச்செந்தூருக்குப் பல தடவை போனோம். பத்து கிலோமீட்டர் மேற்கே போகவில்லை. உத்திரத்துக்கு மணியார்டரில் பணம் அனுப்பினோம், பிறகு வங்கியில், பிறகு கைபேசியில். ஆச்சி துணியைக் கிழித்த ராத்திரியை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவள் நடந்து சம்பாதித்துக் கொடுத்த ஒரு நாட்டை நாங்கள் உட்கார்ந்தபடியே விட்டுவிட்டோம்.

மூன்று வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் இருக்கும் மகள் எங்களை யூட்டா மாநிலத்துக்குக் காரில் கூட்டிப் போனாள். சையன் பள்ளத்தாக்கு. நதி அறுத்த செங்குத்துப் பாறைகள் இரண்டு பக்கமும் அறுநூறு மீட்டர் உயரம் வரை நிற்கின்றன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பாறையின் பக்கவாட்டில் சாய்வாக ஓடிய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ பார்த்த கோடுகள். அங்கே வைத்திருந்த விளக்கப் பலகையை மாப்பிள்ளை படித்துச் சொன்னார்: ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இது பெரிய மணல் பாலைவனம், காற்று குவித்த மணல்மேடுகள் அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டன, அந்தக் கோடுகள் காற்று வீசிய திசை, சிவப்புக்குக் காரணம் இரும்பு. என் கை தன்னால் போய்ப் பாறையின் அடியைத் தொட்டது. ஓரிடத்தில் கசிந்திருந்தது. மழைத் தண்ணீர் மேலே இறங்கி, பாறைக்குள் ஊறி ஊறி, பக்கவாட்டில் சொட்டி, அந்தச் சொட்டில் பெரணிகள் தொங்குகிற தோட்டமே இருந்தது.

"இது ஆச்சியோட தேரி" என்றேன். அழுதுவிட்டேன். பேத்திக்கு அப்போது ஆறு வயது. "தேரி எங்கே இருக்கு?" என்று கேட்டாள். திருவனந்தபுரத்திலிருந்து 150 கிலோமீட்டர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாதி உலகத்தைச் சுற்றி வந்து நான் அதைக் கண்டுகொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் அவர்கள் விடுமுறைக்கு வந்தபோது போய்விட்டோம். உத்திரத்தின் கூட்டத்துக்குப் பயந்து மூன்று நாள் கழித்துக் கிளம்பினோம். பெரிய கார், ஏழு பேருக்குத் தாராளமான இடம், உள்ளே குளிர்ச்சி. மார்த்தாண்டத்தில் ஊருக்கு மேலேயே இரும்புப் பாலத்தில் பறந்தோம். குழித்துறையில் பலாப்பழம் விற்ற கிழவிகள் உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் படவில்லை. ஆரல்வாய்மொழி வந்ததும் நான் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். ஏசி போய்விடும் என்றாள் மகள். ஒரு நிமிஷம் என்றேன். இறக்கினார்கள். அதே உலர்ந்த வாசனை. முப்பந்தலில் இப்போது கண்ணெட்டும் தூரம்வரை காற்றாலைகள், 1500 மெகாவாட் அளவுக்கு. மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் என்று ஆச்சி சொன்ன காற்று மின்சாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பங்குனியில் காற்று இல்லாததால் முக்கால்வாசி இறக்கைகள் சும்மா நின்றன. இசக்கியம்மன் கோயில் வாசலில் எல்லா வண்டியும் போல நாங்களும் நின்று காசு போட்டோம். அந்த வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

திசையன்விளைப் பக்கம் போகும்போது இடையன்குடியைப் பற்றிப் பேத்திக்குச் சொன்னேன். 1841-இல் கால்டுவெல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்து குடியேறிய ஊர். இந்த மணலுக்கும் பனைக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி 1856-இல் வெளியிட்டார். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று விரிவாக நிறுவிய நூல். சாலைக் கம்போளத்தில் மலையாளமும் வீட்டில் திருநெல்வேலித் தமிழும் பேசி வளர்ந்த எனக்கு, அந்த உறவை இந்தப் பக்கத்து வெயிலில் உட்கார்ந்து ஒருவர் எழுதினார் என்பது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

பனைகள் குறைந்துவிட்டன. நிற்கிற பனையிலும் கலயம் தொங்குவது அபூர்வம். ஆச்சியின் அப்பா ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நாற்பது பனை ஏறி இறங்கியவர். பதநீரை நாகர்கோவில் பக்கம் அக்கானி என்பார்கள், இங்கே பதனி என்பார்கள். பெயர் எதுவானாலும் சாலையோரத்தில் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பவரைத் தேடிக் கடைசியில் உடன்குடி போகும் வழியில் ஒருவரைக் கண்டோம். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். துபாய் என்றார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

என் தம்பி மகன் தும்பாவில் விண்வெளி மையத்தில் வேலை பார்க்கிறான். அவன் வேலை விஷயமாக இதே சாலையில் அடிக்கடி குலசேகரன்பட்டினம் போய்வருகிறான். அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேராகத் தெற்கே ஏவலாம்; இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டியதில்லை; சின்ன ராக்கெட்டுக்கு அதனால் எரிபொருள் மிச்சம் என்று விளக்கினான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ராக்கெட் மேலே போனபோது சாலைக் கம்போளத்தில் எல்லாரும் கூரையில் ஏறிப் பார்த்ததாக அப்பா சொல்வார். தாத்தா கருப்பட்டிச் சிப்பத்தோடு மேற்கே போன வழியில் கொள்ளுப்பேரன் ராக்கெட் வேலைக்காகக் கிழக்கே போகிறான். எனக்கு அதில் பெருமைதான். ஒரு ஆசையும் உண்டு: அவன் ஒரு தடவையாவது வண்டியை நிறுத்தி இறங்கி, கடற்கரைக்கு மேற்கே இருக்கிற மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த மண்ணின் மேல் பலருக்குக் கண். அதில் இல்மனைட் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு வரும். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டுக்கு உயிர் அதுதான். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. வேளிக்குப் பக்கத்தில் 1946-இல் தொடங்கிய ஆலையின் பெயராலேயே அந்த இடத்தை டைட்டானியம் என்கிறோம். 2007-இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் அப்படி ஓர் ஆலைக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்டபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நடக்கவில்லை. நின்றதில் எனக்கு நிம்மதி. மணலைச் சலித்து இரும்பும் டைட்டானியமும் எடுத்தபின் மிச்சத்தைத் திரும்பக் கொட்டலாம் என்பார்கள். ஆயிரக்கணக்கான வருடம் காற்று அடுக்கிய அடுக்கை எந்த லாரி திரும்ப அடுக்கும்? பானையை உடைத்துவிட்டு ஓட்டை அதே இடத்தில் குவித்து வைத்தால் அதில் தண்ணீர் நிற்காது.

மணலுக்குள் வேறொன்றும் இருக்கிறது. 1956-இல் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நகக்கண் அளவுக்குச் செதுக்கிய பளிங்குச் சில்லுகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வேட்டையாடியவர்களும் மீன் பிடித்தவர்களும் விட்டுப்போனவை. தேரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அவர்களிடமிருந்து தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

கோயில் வரைக்கும் இப்போது நல்ல சாலை. அம்பாசிடர் புதைந்த இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. சாலையோரமாக ஏழெட்டுக் கார்கள் நின்றன. கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஒரு ஜோடி வந்திருந்தது. பெண்ணின் நீளமான வெள்ளை உடையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, தலைக்கு மேல் டிரோன் சுற்றியது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் வெட்கப்பட்ட மண்ணை அவர்கள் அழகு என்று தேடி வந்திருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அத்தனை பேரும் சாலையிலிருந்து இருபதடிக்குள் நின்றார்கள். எல்லாக் காலிலும் கனத்த செருப்பு. ஒருவரும் உடை மரத்தடிக்குப் போகவில்லை.

சாமி கும்பிட்டோம். மாப்பிள்ளை நாலு பக்கமும் படம் எடுத்தார். மணி பன்னிரண்டரை. திருச்செந்தூரில் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தது, கிளம்பலாம் என்றார்கள். பேத்தி சாலை ஓரத்தில் நின்று தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆச்சி, நீ ஓடினது இங்கேயா?" என்று கேட்டாள். கதையை அவளுக்குப் பல தடவை சொல்லியிருந்தேன்.

ஆமாம் என்று சொல்லி முடிக்கவில்லை, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிவிட்டாள். மகள் "ஏய்" என்று கத்தினாள். பத்தடியில் பிள்ளையின் முகம் மாறியது. நின்றாள். காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். பக்கத்தில் ஒரு பனை இருந்தது. அதன் நிழலைப் பார்த்துத் திரும்பினாள்.

"நிக்காதட்டி, ஓடு! பனைக்குப் போகாத, அந்த உடைக்குப் போ!"

என் தொண்டையிலிருந்து வந்த குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் ஓடினாள். நான் செருப்போடு பின்னால் போனேன். முழங்கால் இந்த வயதில் மணலில் அவ்வளவு வேகமாக வராது. போய்ச் சேர்ந்தபோது அவள் உடை மரத்தடியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் இருந்தது, அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டினேன். ஒரு சாண். பிறகு முழங்கை ஆழம். விரலில் ஈரம் தட்டியது. அங்கேயே இருந்தது.

"காலை உள்ளே வை."

வைத்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு காலைச் சுற்றி மணலை அவளே இழுத்து மூடிக்கொண்டாள். மரத்தடியில் குழியானைக் குழி ஒன்று இருந்தது. ஒரு துரும்பைக் கையில் கொடுத்தேன். சாலையிலிருந்து மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். நடுவில் மணல் தகதகவென்று கிடந்தது. ஷூ அந்தக் கரையில்.

"ஆச்சி, இப்போ திரும்ப எப்படிப் போறது?"

"வெயில் தாழட்டும்" என்றேன்.

கைப்பையில் உடன்குடியில் வாங்கிய கருப்பட்டி இருந்தது. உடைத்து ஆளுக்குப் பாதி வாயில் போட்டுக்கொண்டோம். அவள் துரும்பைக் குழிக்குள் விட்டு ஆட்டினாள். இரண்டாவது ஹாரனும் அடித்தது. உட்கார்ந்திருந்தோம்.